நாய் மேல வண்டி மோதிடுச்சா? உடனே செய்ய வேண்டியது என்ன?

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய பென்னலூரில் கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. கேட் ஒரு நிமிஷம் திறந்திருந்தாலே வளர்ப்பு நாய்க்கு ஆபத்துதான்.

தடுப்பது எப்படி?

* கேட்டைத் திறக்கும் முன் நாயைக் கட்டிவிடுங்கள்.
* வாக்கிங்கில் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, வண்டிகள் போகும் பக்கம் நீங்கள் நடங்கள்.
* இருட்டில் கழுத்துக்கு ஒளிரும் பட்டை அவசியம்.
* பட்டாசு சத்தத்துக்கு மிரண்டு ஓடும். தீபாவளி நேரத்தில் வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

அடிபட்டுவிட்டால்?

முதலில் வரும் வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். வலியில் இருக்கும்போது பாசமான நாயும் கடிக்கும் என்பதால், துணியால் வாயைக் கட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ, வாந்தி எடுத்தாலோ கட்டக்கூடாது. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பலகை அல்லது கெட்டிப் போர்வையில் படுக்கவைத்துத் தூக்குங்கள்.

செய்யக் கூடாதது?

தண்ணீர், சோறு வேண்டாம். நாம் போடும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகள் நாய்க்கு விஷமாகலாம்.

நடந்தா சரியாயிடுச்சா?

இல்லை. உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். ஈறு வெளிறியிருந்தால் ஒரு நிமிஷம்கூட தாமதிக்காதீர்கள்.

யாரை அழைப்பது?

கால்நடைத் துறையின் 1962 எண்ணை இப்போதே போனில் சேவ் பண்ணிக்கோங்க. பெரிய சிகிச்சைக்கு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

உங்களைக் கடித்துவிட்டால், காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள்.