சிள்வண்டுச் சட்டை: சிங்கப்பூரில் ஒரு சீன மருந்துச் சரக்கு

சிள்வண்டு உரித்துப்போட்ட சட்டை, சீன மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் சரக்கு. சீனத்தில் இதன் பெயர் ‘சான் துவெய்’. சிள்வண்டின் இளம்பூச்சி மண்ணுக்குள் வேர்ச்சாற்றை உறிஞ்சியபடி சில ஆண்டுகள் வாழ்கிறது. கோடை இரவொன்றில் வெளியே வந்து மரத்தில் ஏறுகிறது. அங்கே முதுகு பிளந்து, சிறகு முளைத்த வண்டு வெளிவருகிறது. வெற்றுக்கூடு மரப்பட்டையைப் பற்றியபடி நின்றுவிடுகிறது. சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த மஞ்சள்பழுப்புக் கூட்டைச் சேகரித்து, மண் நீக்கி, வெயிலில் உலர்த்துகிறார்கள். எடை மிகக் குறைவு என்பதால் ஒரு கிலோவுக்குப் பல ஆயிரம் கூடுகள் வேண்டும். ‘கிரிப்டோடிம்பானா புஸ்டுலாட்டா’ என்ற இனத்தின் சட்டையையே சீன அரசின் மருந்தியல் நூல் ஏற்கிறது.

தொடக்கத்தில் பயன்பட்டது முழுப் பூச்சியே. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ‘ஷென்னோங் பென்சாவ் ஜிங்’ 365 சரக்குகளை விவரிக்கிறது. குழந்தைகளின் வலிப்புக்கும் இரவு அழுகைக்கும் அது சிள்வண்டைக் கூறுகிறது. சட்டை தனிச் சரக்காக நிலைபெற்றது பின்னாளில்தான். லீ ஷிஜென் 1578-இல் எழுதி முடித்து, அவர் மறைவுக்குப் பின் 1596-இல் அச்சான ‘பென்சாவ் காங்மு’ இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது: உள்ளுறுப்பு நோய்களுக்கு வண்டின் உடல்; தோலில் தோன்றும் புண், அரிப்பு, தடிப்புகளுக்குச் சட்டை. 1617-இல் சென் ஷிகோங் எழுதிய அறுவை மருத்துவ நூலில் உள்ள ‘சியாவ் ஃபெங் சான்’ என்ற 13 சரக்குக் கூட்டுமருந்திலும் சட்டை இடம்பெற்றது. அரிக்கும் தோல்நோய்களுக்கு அந்தக் கூட்டு இன்றும் வழங்கப்படுகிறது. காய்ச்சலோடு வரும் தொண்டைக்கட்டு, குரலடைப்பு ஆகியவற்றுக்கும் சட்டையைக் கஷாயத்தில் சேர்ப்பதுண்டு. வழக்கமான அளவு 3 முதல் 6 கிராம்.

பூச்சிகளிடமிருந்து மருந்து பெறுவது தமிழருக்குப் புதிதல்ல. தாவரம், தாது, சீவம் என மூவகையாகச் சரக்குகளைப் பகுக்கும் சித்த மருத்துவத்தில் தேனும் தேன்மெழுகும் கொம்பரக்கும் உண்டு.

சிங்கப்பூருக்குச் சீன மருத்துவம் வந்தது குடியேறிகளோடு. 1819-க்குப் பின், தென்சீனத் துறைமுகங்களிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றில் வந்த மரக்கலங்கள் ஆட்களையும் சரக்குகளையும் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இறக்கின. மேற்குக் கோடியிலிருந்த துவாஸ் அப்போது மீனவர் வாழ்ந்த கடலோரம். நகரில் சுமைதூக்கியும் ரிக்‌ஷா இழுத்தும் பிழைத்தவர்களுக்கு ஊரில் பழகிய கஷாயமே கைக்கெட்டும் மருத்துவமாக இருந்தது. சரக்கு அசலா, மண் கலந்ததா என்பதற்கு மருந்துக்கடைக்காரரின் கண்ணும் நாணயமும்தான் சான்று.

அடுத்த பொறுப்பை அறநிலையங்கள் ஏற்றன. கான் எங் செங் உள்ளிட்ட வணிகர்கள் 1867-இல் தொடங்கிய நிலையம் பின்னர் தோங் சாய் மருத்துவ நிலையம் எனப் பெயர்பெற்றது. இன, மத வேறுபாடின்றி ஏழைகளுக்கு அங்கே சிகிச்சையும் மருந்தும் இலவசம். 1892-இல் அது குடிபுகுந்த வாயாங் ஸ்திரீட் கட்டடம் 1973-இல் தேசிய நினைவுச்சின்னமானது. லிட்டில் இந்தியா வழியே செல்லும் சிராங்கூன் சாலையில், டான் டோக் செங் மருத்துவமனை காலி செய்த வளாகத்தில் 1910-இல் குவாங் வாய் ஷியூ மருத்துவமனை தொடங்கியது. அதே ஆண்டில், பேராக்கின் கோப்பெங்கில் 1879-இல் பிறந்த யூ யான் சாங் நிறுவனம், மாரியம்மன் கோயில் இருக்கும் சவுத் பிரிட்ஜ் சாலையில் கடை திறந்தது. இத்தகைய கடைகளில் வைத்தியரின் சீட்டைப் பார்த்து, நூற்றுக்கணக்கான இழுப்பறைகளிலிருந்து வேர், பட்டை, ஓடு, பூச்சி என எடுத்துக் கைத்தராசில் நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள்.

1946-இல் சீன மருத்துவர்கள் தங்கள் சங்கத்தை அமைத்தனர். அது 1952-இல் சுங் ஹுவா இலவச மருந்தகத்தையும் அடுத்த ஆண்டில் ஒரு மருத்துவப் பள்ளியையும் நிறுவியது. அரசின் பொறுப்பு நூற்றாண்டின் முடிவில் வந்தது. மாத்திரை, பொடி, தைலமாக விற்கப்படும் சீன மருந்துகளுக்கு 1999 செப்டம்பரிலிருந்து கட்டுப்பாடு படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2000-இல் நிறைவேறிய சட்டத்தின்படி சீன மருத்துவர்கள் பதிவு பெறுவது கட்டாயமாயிற்று. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள மூலிகைகளும் தடைசெய்யப்பட்டன. ‘சியாவ் ஃபெங் சான்’ கூட்டில் சேரும் ‘மு தோங்’ என்ற பெயரில் விற்கப்பட்ட ஒரு வகைக் கொடியில் இந்த அமிலம் இருந்தது. பழைய கூட்டுமருந்து ஒன்றைப் பாதுகாப்பாகத் தர, ஒவ்வொரு சரக்கையும் சோதிக்கும் ஏற்பாடு எவ்வளவு தேவை என்பதை இது காட்டியது.

துவாஸும் இதற்குள் உருமாறிவிட்டது. கடலைத் தூர்த்து விரிவாக்கப்பட்ட அந்நிலத்தில் உயிர்மருத்துவத் தொழிற்பூங்கா எழுந்தது. 2022 செப்டம்பர் 1-இல் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2040-களில் கட்டுமானம் முடியும்போது, ஆண்டுக்கு 6.5 கோடி கொள்கலன்களைக் கையாள்வது திட்டம். நகரையொட்டிய கொள்கலன் முனையங்களின் பணி அங்கே இடம்பெயர்வதால், ஒருகாலத்தில் ஆற்றங்கரையில் இறங்கிய கடல்வழி வணிகம் தீவின் மேற்கு முனைக்குச் செல்கிறது.

துவாஸ் தொழிற்சாலைகளில் உருவாகும் நவீன மருந்துகளின் செயற்கூறு, தூய்மை, அளவு மூன்றும் துல்லியமாக வரையறுக்கப்பட்டவை. சிள்வண்டுச் சட்டைக்கு அத்தகைய வரையறை இன்னும் முழுமையாக அமையவில்லை. அதன் பெரும்பகுதி கைட்டின் என்ற பொருள். வலிப்பைத் தணித்து அமைதியூட்டும் தன்மை விலங்குச் சோதனைகளில் பதிவாகியுள்ளது. மனிதரிடம் உறுதியான சான்று குறைவு. கூட்டுமருந்தாகவே வழங்கப்படுவதால் சட்டையின் பங்கைத் தனியே பிரித்தறிவதும் கடினம். சிலருக்கு ஒவ்வாமை ஏற்படலாம். கர்ப்பிணிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது சீன மருத்துவ நூல்களின் அறிவுரை. கடைக்காரரின் நாணயத்தில் தொடங்கி, அறநிலையத்தின் கருணையைக் கடந்து, சட்டத்தின் காவலுக்குள் வந்திருக்கும் இந்தச் சரக்குக்கு இனி வேண்டியது முறையான மருத்துவ ஆய்வு.