தண்ணியில்லாக் காட்டைத் தேடிப் போனவர்கள்



"உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மேலதிகாரி மிரட்டுவதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காடு வேறெங்கும் இல்லை. ராமநாதபுரம் சீமையும் நம்ம திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கமும்தான். ஆனால் யாரும் மாற்றல் உத்தரவு போடாமலே இப்படி ஒரு காட்டைத் தேடிப் போன சிலரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். அவர்கள் இயந்திரம் இல்லாமல் வானத்தில் பறப்பவர்கள்.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தாலிலிருந்து தொடங்குவோம். நாரைகள் பறப்பதைக் கூர்ந்து கவனித்து 1889இல் ஒரு நூல் எழுதினார். 1891 முதல் தானே செய்த இறக்கைகளில் தொங்கிக்கொண்டு குன்றுகளிலிருந்து சுமார் 2,000 முறை பறந்தார். 1896 ஆகஸ்ட் 9 அன்று காற்றில் நிலைகுலைந்து விழுந்து, மறுநாள் இறந்தார். அவர் பறந்த தூரமெல்லாம் சில நூறு மீட்டர்தான்.

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரோகல்லோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948இல் வீட்டு ஜன்னல் திரைச்சீலையைத் தைத்து, வளையும் இறக்கை ஒன்றைச் செய்தார்கள். விண்கலத்தைத் தரையிறக்க அது உதவுமா என்று நாசாகூடச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. 1963இல் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் ஊரில் ஜான் டிக்கன்சன் அந்த இறக்கைக்குக் கீழே, ஆள் தொங்கவும் கையால் பிடித்துத் திருப்பவும் ஒரு சட்டத்தைப் பொருத்தினார். இறக்கைக்கு அவர் போட்ட துணி என்ன தெரியுமா? வாழைத்தாருக்குப் போடும் பிளாஸ்டிக் உறை! இன்றைய ஹேங் கிளைடர் அதன் வழி வந்ததுதான். சர்வதேச வான் விளையாட்டுக் கூட்டமைப்பின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது 2012இல். 49 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் உலகச் சாம்பியன் போட்டி 1976இல் ஆஸ்திரியாவின் கோசென் ஊரில் நடந்தது. இன்று நெடுந்தூரப் போட்டி எப்படி நடக்கிறது? காலையில் காற்றையும் மேகத்தையும் பார்த்து, போட்டிக் குழுவினர் அன்றைய பாதையை அறிவிப்பார்கள். புறப்படும் இடம், வழியில் தொட்டுத் திரும்ப வேண்டிய இடங்கள், முடியும் இடம் எல்லாம் அதில் இருக்கும். தொட்டார்களா என்பதற்கு ஒரு காலத்தில் கேமரா படம்தான் சாட்சி, இப்போது ஜி.பி.எஸ். கருவி. எல்லையை முதலில் எட்டுபவருக்கு மதிப்பெண் அதிகம். நடுவழியில் இறங்கியவருக்கு வந்த தூரத்திற்கேற்ப மதிப்பெண் உண்டு. நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்கில், சட்டமில்லாத பாராகிளைடர்களுக்கு 2015 அக்டோபரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியும் இதே முறைதான்.

இயந்திரம் இல்லையே, எப்படி மேலே ஏறுகிறார்கள்? நம் ஊர்ப் பருந்தைப் பாருங்கள். உச்சி வெயிலில் இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டமிட்டே உயரும். காய்ந்த நிலம் வெயிலில் வேகமாகச் சூடாகிறது. அதன் மேலிருக்கும் காற்றும் சூடாகி எழும்புகிறது. அந்த எழுச்சியில் பருந்து சுற்றுகிறது, கிளைடரும் சுற்றுகிறது. உச்சிக்குப் போனதும் அடுத்த எழுச்சியைத் தேடிச் சறுக்குகிறது. தண்ணீர் நிறைந்த கண்மாய்க்கு மேலே இது கிடைப்பது அரிது. ஈர நிலத்தில் வெயிலின் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். புழுதியைச் சுருட்டிக்கொண்டு ஓடும் பேய்க்காற்றைப் பார்த்து நாம் ஒதுங்குகிறோம். வானில் இருப்பவனுக்கோ அது "இங்கே காற்று எழும்புகிறது" என்று காட்டும் அடையாளம். தரைக்கு அருகில் சிக்கினால் அதுவே அவனைக் கவிழ்த்தும் விடும்.

இப்போது அந்தக் காட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையோரம் ஜபாட்டா என்றொரு சிற்றூர். சுற்றிலும் வெக்கை, புழுதி, முள்மரம். அங்கே மண்டிக் கிடக்கும் 'மெஸ்கிட்' மரம் நம்ம சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம்! நெடுந்தூரச் சாதனை படைக்க உலகின் சிறந்த வீரர்கள் பலர் அங்கே கூடியிருக்கிறார்கள். 2001இல் ஆஸ்திரியாவின் மான்ஃப்ரெட் ரூமர் அங்கிருந்து புறப்பட்டு 700 கிலோமீட்டர் பறந்தார். 11 ஆண்டுகள் அதுவே அதிகாரபூர்வ உலகச் சாதனையாக இருந்தது.

2012 ஜூலை 3. அமெரிக்கர் டஸ்டின் மார்ட்டினும் ஆஸ்திரேலியர் ஜானி டுராண்டும் ஒரே நாளில் அங்கிருந்து கிளம்பினார்கள். சமவெளி என்பதால் சிறு இயந்திர வானூர்தி இழுத்து உயரத்தில் விட்டது. அதன்பின் வெயிலும் காற்றும்தான் துணை. இருவரும் போட்டியாளர்கள்; ஆனாலும் பெரும்பகுதி தூரம் சேர்ந்தே பறந்தார்கள். ஒருவர் காற்றெழுச்சியைக் கண்டால் மற்றவரும் அதில் சேர்ந்துகொள்வார். சுமார் 11 மணி நேரம் கழித்துத் தரையிறங்கியபோது டுராண்ட் கடந்தது 761 கிலோமீட்டர். மார்ட்டின் 764. இருவருமே பழைய சாதனையைத் தாண்டிவிட்டார்கள். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே 700 கிலோமீட்டர் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வறட்சியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. இறக்கையைத் தூக்குகிற அதே வெயில்தான் நம் மானாவாரிப் பயிரைக் கருக்குகிறது. விதைத்தது முளைக்காத வருஷங்களை நாம் மறக்க முடியுமா? ஆனால் "எங்க ஊரு ஒன்னுமில்லாத பொட்டக்காடு சார்" என்று தலைகுனிந்து சொன்ன பிள்ளைகள் பலரை வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றுமில்லாத ஊர் என்று எதுவும் இல்லை. பருந்து எங்கே சுற்றும், எந்த மேகம் கூடும், பேய்க்காற்று எப்போது கிளம்பும் என்று ஆடு மேய்க்கும் நம் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த அறிவைத்தான் வெளிநாட்டில் பாடமாகப் படித்துவிட்டுப் பறக்கிறார்கள். நாம் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமலே விட்டுவிடக் கூடாது.

உங்கள் ஊரில் பேய்க்காற்றுக்கு என்ன பெயர்? எந்த மாதத்தில் அதிகம் வரும்? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள்.