இன்ஜினுக்கு 1901, டிரைவருக்கு 2025

திருவண்ணாமலையில செங்கம் ரோட்டுல இருந்து பிரியுற கிரிவலப் பாதை அடி அண்ணாமலை வழியா சுத்தி வரும். பஞ்சபூதத் தலங்கள்ல நெருப்புக்கான ஊர் இது. அக்னி நட்சத்திரத்துல அந்த செங்கம் ரோட்டுல லோடு லாரி ஓட்டுறதை யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு அதோட கதைதான்.

டீசல்ல இருக்கற சக்தியில பாதிக்கு மேல வெப்பமாத்தான் போகுது. அதுல ஒரு பெரிய பங்கை வெளியேத்துறது ரேடியேட்டர். 1888-ல பெர்த்தா பென்ஸ் ரெண்டு பசங்களோட மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் காரை ஓட்டிட்டுப் போனப்போ, தண்ணி கொதிச்சு ஆவியாகித்தான் இன்ஜின் குளிரும். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணி ஊத்த வேண்டியிருந்தது. 1901-ல வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் காருக்குத் தேன்கூடு ரேடியேட்டர் செஞ்சார். அதுல 8,070 சின்னக் குழாய்கள். தண்ணிச் செலவு பெருமளவு குறைஞ்சுது.

அப்புறம் வந்தது அழுத்த மூடி. நம்ம பிரஷர் குக்கர் கணக்குதான். அழுத்தம் ஏறினா தண்ணி 100 டிகிரியில கொதிக்காது. மூடியோட அழுத்தத்தைப் பொறுத்து 110, 120 வரைக்கும் தாங்கும். அதனாலதான் சூடா இருக்கறப்போ மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் சட்டுனு இறங்கும், தண்ணி அந்த நொடியே கொதிச்சு முகத்துல அடிக்கும்.

வெயில்ல என்ன சிக்கல்? உள்ள தண்ணி 90 டிகிரி, வெளிக்காத்து 30 டிகிரின்னா வித்தியாசம் 60. காத்து 42 ஆனா வித்தியாசம் 48. அதே ரேடியேட்டர் வெளியேத்துற வெப்பம் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிடுது. லோடோட மேடு ஏறினா இன்னும் மோசம். இன்ஜின் அதிகமா உழைக்கும், ஆனா வண்டி மெதுவா போறதால காத்து பத்தாது.

நம்ம பக்கம் சில மெக்கானிக்குங்க தெர்மோஸ்டாட்டையே கழட்டிடுவாங்க. சில இன்ஜின்ல அது தப்பாப் போய், சூடான தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம திரும்பிடும். போர் தண்ணியை ஊத்தினா உப்பு படிஞ்சு குழாய் அடைச்சுக்கும். கூலன்ட், இறுக்கமான ஃபேன் பெல்ட், தூசி இல்லாத ரேடியேட்டர்: இந்த மூணும் சரியா இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டாடா 1954-ல டெய்ம்லர்-பென்ஸோட சேர்ந்து லாரி செய்ய ஆரம்பிச்சது. 1955-ல எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ லாரில இன்ஜின் டிரைவர் பக்கத்துலயேதான் இருந்துச்சு. இன்ஜினைக் குளிர வைக்க அவ்வளவு மூளை செலவு பண்ணோம். பக்கத்துல உக்காந்திருந்தவரு? 1 அக்டோபர் 2025-க்கு அப்புறம் தயாராகுற நடுத்தர, கனரக லாரிகளுக்குத்தான் கேபின் ஏசி கட்டாயம். ரோட்டுல ஏற்கெனவே ஓடுற லாரிகளுக்கு அதுவும் இல்லை.

அடுத்த தடவை ரோட்டோரமா ஆவி பறக்க நிக்கற லாரியைப் பார்த்தா, ஹாரன் அடிக்காதீங்க. முடிஞ்சா, அந்த டிரைவரண்ணனுக்குக் குடிக்க ஒரு பாட்டில் தண்ணி கொடுங்க.