ஏலம் என்ற சொல்

பலரைக் கூட்டி வைத்து, யார் அதிக விலை கேட்கிறாரோ அவருக்கே விற்பது ஏலம். சமையலுக்கு வாங்கும் ஏலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது போர்த்துகீசியரின் 'லெய்லாவ்'. 'அறிவிப்பு' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து அவர்களுக்கு வந்தது. மலையாளத்தில் லேலம், தெலுங்கில் வேலம், இந்தியில் நீலாம் எல்லாம் அதன் வழிவந்தவையே.

சொல் புதிது, பழக்கம் பழையது. பலரறியக் கூறி நிலம் விற்பதைச் சோழர் கல்வெட்டுகள் 'பெருவிலை' என்கின்றன. கோயில் நிலமானால் 'சண்டேசுவரப் பெருவிலை'. இவ்வளவு நல்ல சொல் வழக்கொழிந்தது இழப்புதான்.

கிராமங்களில் ஏலம் என்றால் முதலில் அச்சம். வரிபாக்கிக்கு நிலத்தை ஜப்தி செய்து விற்க 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் வழிசெய்தது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமோ ஜப்தியைப் பறையறைந்து அறிவிக்கச் சொல்கிறது. 'வீடு ஏலத்துக்கு வந்துடுச்சு' என்பதில் இன்றும் கடனைவிட மானமே பெரிது. ஏரி மீன், சாலையோரப் புளி ஏலங்களில் அந்த வலி இல்லை. அங்கே 'ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்' வேடிக்கைதான். ஏலச்சீட்டில் கணக்கு தலைகீழ்: அதிகம் தள்ளி எடுக்க ஒப்புபவருக்கே சீட்டு.

விழுப்புரம், திண்டிவனம் உழவர்களுக்கு ஏலம் என்றால் 'கமிட்டி'. ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்ற அரசுப் பெயரை அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. பழைய தென்னார்க்காடு மல்லாட்டைச் சீமை. வேர்க்கடலைக்கு அங்கே வழங்கும் மணிலாக்கொட்டை என்ற பெயர்தான் பேச்சில் மல்லாட்டை ஆனது. 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் ஓடத் தொடங்கிய பின், புதுச்சேரித் துறைமுகம் வழியாக அது மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. ஆனால் இங்கே விளைவித்தவருக்கு விலை சொன்னவர் தரகர். எடைக்கல்லும் அவர் பக்கத்தது. ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டுமென்று அரச வேளாண் ஆணையம் 1928இல் பரிந்துரைத்தது. 1933இல் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அச்சட்டம் அமைத்த சந்தைக் குழுவே, அதாவது 'மார்க்கெட் கமிட்டி'யே, மக்கள் வாயில் கட்டடத்துக்கும் பெயராகிவிட்டது.

கமிட்டியில் நடப்பது மறைமுக ஏலம். உழவர் நெல், மணிலா, உளுந்து, எள் என்று கொண்டுவந்ததைக் களத்தில் குவிக்கிறார். வியாபாரிகள் குவியல் குவியலாக அள்ளிப் பார்த்து, ஈரம் சோதித்து, ஆளுக்கொரு சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். குறித்த நேரத்தில் பெட்டியைத் திறந்து, உயர்ந்த விலையை எழுதியவருக்குச் சரக்கைக் கொடுக்கிறார்கள். விலை நெல்லுக்கு 75 கிலோ மூட்டைக்கு, மணிலாவுக்கு 80 கிலோ மூட்டைக்கு. அடுத்தவர் எழுதியது தெரியாததால் வியாபாரிகள் கூடிப்பேசி விலையை அமுக்குவது கடினம். கடினம்தானே தவிர, முடியாதது அல்ல. 2016இல் தொடங்கிய தேசிய மின்னணு வேளாண் சந்தை, அதில் இணைந்த கூடங்களில் சீட்டில் எழுதியதைத் திரைக்கு மாற்றியது.

அறிவிப்பு என்று பிறந்த சொல், கூவுவாரே இல்லாத விற்பனைக்குப் பெயராக நிற்கிறது. விலை பிடிக்காவிட்டால் உழவர் சரக்கை விற்க மறுக்கலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு.