நிழல் விழாத கல்

சிறுநீரில் கல் தோன்றும் நோய்க்குத் தமிழ் மருத்துவ மரபு இட்ட பெயர் கல்லடைப்பு. உள்ளிருந்து அடைக்கும் அக்கல்லை நோயாளியின் வலிகொண்டே மருத்துவர் உய்த்துணர்ந்தனர். உடலைக் கீறாமல் அதைக் கண்ணால் காண நூறாண்டு உழைப்பு வேண்டியிருந்தது.

1895இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டே கிளாஸ்கோ நகரில் ஜான் மெக்கின்டயர் சிறுநீரகக் கல்லொன்றைப் படம் பிடித்தார். ஆயினும் எக்ஸ் கதிர்ப் படம் என்பது நிழலே. கால்சியம் மிகுந்த கல்லுக்கு அழுத்தமான நிழல் விழும்; யூரிக் அமிலக் கல்லுக்கோ நிழலே விழாது.

1929இல் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் மோசஸ் ஸ்விக், அயோடின் அடங்கிய யூரோசெலக்டான் என்னும் மருந்தை இரத்த நாளத்தில் செலுத்திச் சிறுநீர்ப் பாதையைப் படத்தில் துலங்கச் செய்தார். நிழலற்ற கல், துலங்கிய பாதையின் நடுவே ஓர் இடைவெளியாகத் தெரிந்தது. இங்கே ஒரு பேரிடர் இருந்தது. புற்றுக்கட்டியும் அதே போன்ற இடைவெளியாகவே தோன்றும். யூரிக் அமிலக் கல்லை மருந்தால் கரைக்கலாம். புற்றாயின் சிறுநீரகத்தையே அகற்ற நேரலாம். இரண்டையும் பிரித்தறியப் படம் மட்டும் போதவில்லை.

இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் வேறு வழியை நாடினார். ஒரே திசையில் விழும் நிழலை விடுத்து, பல கோணங்களில் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் கணினியால் கணித்தார். 1971இல் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. 1979இல் அவரும் கார்மாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவர் பெயரால் வழங்கும் அளவுகோலில் நீருக்கு 0, காற்றுக்கு -1000. மென்மையான கட்டி சில பத்துகளில் நின்றுவிட, யூரிக் அமிலக் கல் சில நூறுகளை எட்டும். பழைய ஐயம் எண்ணால் தீர்ந்தது.

ஆனால் சிறுநீரகம் மூச்சுக்கு மூச்சு அசைவது. தொடக்கக் காலக் கருவிகளோ ஒவ்வொரு வெட்டுப் படத்திற்கும் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டன. 1989இல் வில்லி காலெண்டர் குழுவினர் முன்வைத்த சுருள்முறை இத்தடையை நீக்கியது. கதிர்க்குழல் சுழலச் சுழலப் படுக்கையும் நகரும். மூச்சை ஒருமுறை அடக்கும் நேரத்திற்குள் சிறுநீரகம் முழுதும் பதிவாகும். இடையறாத அப்பதிவிலிருந்து முப்பரிமாண உருவம் எழுந்தது. கட்டி எவ்வளவு ஆழத்தில் உள்ளது, தானம் தருபவரின் சிறுநீரகத்திற்கு எத்தனை தமனிகள் செல்கின்றன என்பவற்றைக் கத்தி எடுக்குமுன்பே அறுவை மருத்துவர் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாயினர்.

இதற்கு விலையும் உண்டு. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தினும் கதிர்வீச்சு மிகுதி. ஆதலால் கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒலியலைச் சோதனையே முதலில் செய்யப்படுகிறது.

1990களில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இண்டினாவிர் என்னும் மருந்து வழங்கப்பட்டபோது, அம்மருந்தே சிலரது சிறுநீரில் கல்லாகப் படிந்தது. சி.டி. படத்திலும் அக்கல் புலப்படவில்லை. உண்ட மருந்தையும் உற்ற வலியையும் கேட்டே மருத்துவர்கள் அதை ஊகித்தனர். கல்லடைப்பு என்று பெயரிட்ட முன்னோரும் செய்தது அதுவே.