கொயிலை வாங்குமுன் அளந்து பாருங்கள்

1990களில் எரிபொருள் தடை இருந்தபோது, வடக்கில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பொறி வருகிறதா என அறிய, எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரைக் கழற்றிப் பார்ப்பது பழைய பழக்கம். பொயின்ற் உள்ள கார்கள் அதைத் தாங்கின. இலத்திரனியல் மொடியூல் உள்ள கார்கள் தாங்காது, மொடியூல் கருகிவிடலாம்.

கொயிலின் வேலை, பற்றரியின் 12 வோல்ற்றை 20,000 வோல்ற்றுக்கும் மேலாக உயர்த்துவது. கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை மொடியூல் சட்டென வெட்டும் நொடியில் பொறி பிறக்கிறது. மன்னார்த் தீவில் இந்த இரண்டுக்கும் பொது எதிரி உப்பு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் இணைப்பு முனைகள் பச்சை பூக்கும். எர்த் வயரின் அடி துருப்பிடிக்கும். நல்ல கொயில்கூடப் பழுதானதுபோலத் தெரியும். வவுனியா வைத்தியசாலைக்குச் சுமார் 80 கிலோமீற்றர் ஓட வேண்டிய வாகனத்தில் ஊகத்தை நம்ப முடியாது.

கார் ஸ்ராட் ஆகாவிட்டால் இந்த ஒழுங்கில் பாருங்கள். பெற்றோல் மணம் வந்தால் தொடங்க வேண்டாம்.

1. பற்றரி முனைகளையும் மொடியூலின் எர்த்தையும் கழற்றி, சுரண்டித் துடைத்து, இறுக்கிப் பூட்டுங்கள்.

2. சாவியை ஒன் செய்து, கொயிலின் பிளஸ் முனையில் மீற்றரை வையுங்கள். ஏறத்தாழ 12 வோல்ற் வர வேண்டும். சில பழைய கார்களில் இடையில் உள்ள தடையினால் குறைவாக வரும். ஒன்றுமே வராவிட்டால் பழுது பியூஸ், வயர் அல்லது சாவி சுவிச்சில்.

3. சாவியை ஓஃப் செய்து, கொயில் வயர்களைக் கழற்றி அளவுங்கள். பிளஸ், மைனஸ் இடையே இலத்திரனியல் வகையில் பொதுவாக 0.5 முதல் 1.5 ஓம், பொயின்ற் வகையில் சுமார் 3 ஓம். பிளஸுக்கும் நடு முனைக்கும் இடையே 6,000 முதல் 15,000 ஓம். உங்கள் காரின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே எடுங்கள்.

4. வயர்களைத் திரும்பப் பூட்டி, சிறிய சோதனை பல்ப்பைப் பற்றரி பிளஸுக்கும் கொயில் மைனஸுக்கும் இடையே வைத்து ஸ்ராட்டரைச் சுற்றுங்கள். பல்ப் மினுங்கினால் மொடியூல் வேலை செய்கிறது. அப்போதும் பொறி இல்லையென்றால் கொயிலையும் அதன் தடித்த வயரையும் சந்தேகியுங்கள். மினுங்காவிட்டால் மொடியூல் அல்லது டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள பிக்கப்.

சூடானதும் நின்று, ஆறியதும் ஓடுகிற கார் என்றால் மொடியூலை முதலில் பாருங்கள். புதியதைப் பூட்டும்போது அடியில் வெப்பம் கடத்தும் பசை பூசாவிட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உள்ள புதிய கார்களில் வழி எளிது. எஞ்சினை நிறுத்தி, முதலாம், இரண்டாம் சிலிண்டர் கொயில்களை இடம் மாற்றுங்கள். ஸ்கானரில் பழுதுக் குறியும் கொயிலோடு இடம் மாறினால் கொயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக்கையும் வயரையும் பாருங்கள்.

மின்சாரப் பாகங்களைப் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை. எடுத்த அளவுகளை ஒரு தாளில் குறித்து கராஜுக்குக் கொண்டுபோனால், எதை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்குடன் பேசலாம்.