பள்ளிக்கல்வி நிதிப் பகிர்வு (இந்தியா)

பள்ளிக்கல்வி நிதிப் பகிர்வு என்பது, இந்தியாவில் பள்ளிகளுக்கான திட்டச் செலவை மத்திய அரசும் மாநில அரசுகளும் பங்கிட்டுக்கொள்ளும் முறை. ஆசிரியர் சம்பளத்தில் பெரும்பகுதி மாநிலங்களின் கருவூலத்திலிருந்தே போகிறது. எனவே பகிர்வு விகிதம் பற்றிய சச்சரவு, மொத்தச் செலவில் ஒரு பங்கைப் பற்றியதுதான்.

1976-இல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. ஆனால் மத்திய நிதி நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளைப் பெரிய அளவில் எட்டியது 2001-இல் சர்வ சிக்ஷா அபியான் வந்த பிறகுதான். தமிழ்நாட்டில் அதற்கு அனைவருக்கும் கல்வி இயக்கம் என்று பெயர். அப்போது நூறு ரூபாய் செலவில் மத்திய அரசு 85 ரூபாய் தந்தது. பத்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் (2002–07) அது 75 ஆனது, 2007-இல் 65, 2009-இல் 60. படிப்படியாக 50-க்கு இறக்குவதாகத்தான் ஏற்பாடு. இடையில் 2010-இல் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்து மாநிலங்களின் சுமை கூடியதால் விகிதம் மறுபடி 65:35 ஆனது. 2015–16 முதல் 60:40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90:10. இத்தனைக்கும் 2004 முதல் வருமான வரியோடு கல்விக்கென 2 சதவீத மேல்வரியும் வசூலானது.

2018-இல் உயர்நிலைக் கல்வி, ஆசிரியர் பயிற்சித் திட்டங்களையும் சேர்த்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் (சமக்ர சிக்ஷா) உருவானது. இதில் தலைமையாசிரியரின் கைக்கு வருவது பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து, ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். நூறு பேர் படிக்கும் பள்ளிக்கு 25,000. சாக்பீஸ், மின்கட்டணம், உடைந்த குழாய், ஆய்வகப் பொருள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்கு ஒதுக்கவும் வேண்டும். 25,000 ரூபாயை மாதக் கணக்கில் பிரித்தால் இரண்டாயிரத்துச் சொச்சம். தாமதமாக வந்தால், அதுவரை தலைமையாசிரியரின் சொந்தப் பணம்தான்.

அண்மைக் காலத்தில் விகிதத்தைவிட நிபந்தனையே பெரிய சிக்கல். 2022-இல் அறிவிக்கப்பட்ட பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டம் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டியது. மும்மொழிக் கொள்கை உள்ளிட்ட காரணங்களால் தமிழ்நாடு அதற்கு ஒப்பந்தம் செய்யவில்லை. அதனால் 2024–25-க்கு வரவேண்டிய ஒருங்கிணைந்த திட்ட நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.